தட்டில் சோறு குறையவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் அந்தப் படத்தை மறுபடியும் போட்டார்கள். குழம்பு கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு ஹாலுக்கு வந்து நின்றுவிட்டேன். ஏரிக்கரையில் ஒரு வீடு. ஜன்னல் முழுக்கப் பனி. மேசையில் எதிரெதிராக இரண்டு தட்டுகள். மனைவி சாப்பிட்டுக்கொண்டே ஏதேதோ சொல்கிறாள், காணாமல் போய்த் திரும்பி வந்த கணவன் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறான். கேமரா மெல்ல இறங்கி அவன் தட்டில் நிற்கிறது. போட்ட சோறு போட்டபடியே இருக்கிறது. அந்தத் தட்டை வைத்து நானும் டெஸ்பாட்ச் அக்காவும் ஒரு வாரம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். கடைசியில் நான் எப்படித் தோற்றேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சித்தூரில் மாம்பழக் கூழ் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் நான் லேபில் இருந்தேன். கூழில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் விட்டு, இனிப்பு எவ்வளவு என்று பார்த்து எழுதுவது என் வேலை. அக்கா சரக்கு ஏற்றி அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தாள். தினமும் திருப்பதியிலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கர்யம் செய்யும் வைணவக் குடும்பம். நானோ வெள்ளைக்காரப் பாதிரி காலத்திலிருந்து சர்ச்சுக்குப் போகிற குடும்பம். பேச்சு, சாப்பாடு, சாமி எதிலும் ஒட்டாத எங்களை ஒட்டவைத்தது சினிமா ஒன்றுதான். மாதம் ஒரு சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுத் திருப்பதியில் மேட்னி பார்ப்போம்.

படம் பார்த்த அன்று எனக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தான். நாக்பூரில் வேலை. கொரோனாவின் இரண்டாவது அலையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவன் திரும்பவில்லை. முகத்தைக்கூடக் காட்டாமல் அங்கேயே எரித்துவிட்டார்கள். ஒரு போன் வந்தது. பிறகு அவன் செருப்பும் பர்சும் ஒரு பார்சலில் வந்தன, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அக்காவின் அம்மா தினமும் மத்தியானம் அவனுக்கு ஓர் இலை போட ஆரம்பித்தார். அவன் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான் என்றார். பெங்களூரில் இருக்கும் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. வேலூரில் ஒரு மனநல ஆஸ்பத்திரியில் இடம் கேட்டு வைத்துவிட்டு, அம்மாவைச் சேர்ப்பதா வேண்டாமா, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல் என்று தங்கைக்குக் கெடு வைத்திருந்தார். சேர்த்தால் அம்மா உயிரோடு வீடு திரும்பமாட்டாள் என்பது அக்காவின் பயம். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் அவள் என் பக்கத்து சீட்டில் பாப்கார்ன் கொறித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

தியேட்டரை விட்டு வெளியே வந்தபோது திருப்பதி வெயிலில் கண் கூசியது. மலையை மேகம் பாதி மறைத்திருந்தது, படத்தின் பனி எங்களோடு எழுந்து வெளியே வந்துவிட்டது போல. பக்கத்து ஹோட்டலில் போய் உட்கார்ந்தோம். காபி வந்ததும் நான் ஆரம்பித்தேன்.

"அந்த ஆளு இல்லவே இல்லக்கா. எல்லாம் அந்தப் பொம்பள மனசுல ஓடிக்கினு இருக்குது."

"ஏண்டி இல்ல? வந்தான், உக்காந்தான், சிரிச்சான். எல்லாம் நீயும்தானே பார்த்தே?"

எனக்கு இப்படி யாராவது பிடிகொடுத்தால் போதும். பால்காரன் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை, அவன் உட்கார்ந்த நாற்காலி அசையவில்லை, மழையில் வந்தவன் சட்டை நனையவில்லை என்று அடுக்கிக்கொண்டே போனேன். திங்கட்கிழமை லேபில், செவ்வாய்க்கிழமை கேன்டீனில், புதன்கிழமை பஸ் ஸ்டாண்டு வரை நடந்தபடி என்று அந்தச் சண்டை எங்களோடு ஊர் சுற்றியது. லோடிங் மேஸ்திரியைக் கூப்பிட்டு நியாயம் கேட்டோம். அவர் இரண்டு பேரையும் பார்த்து, எல்லாம் கனவுதான் மேடம் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு லாரியைப் பார்க்கப் போய்விட்டார். வியாழக்கிழமை நான் கடைசி ஆயுதமாகத் தட்டை எடுத்தேன்.

"சரிக்கா, வந்தான்னே வெச்சிக்கலாம். தட்டுல ஒரு பருக்கை கொறயலயே, அதுக்கு இன்னா சொல்றீங்க?"

அக்கா யோசிக்கவே இல்லை. "பெருமாளுக்கு தினம் அண்டா அண்டாவா அமுது பண்ணறா. ஒரு பருக்கை குறையறதா? அதுக்காக உள்ளே யாருமில்லேன்னு எங்காத்துல யாராவது சொல்லியிருக்காளா?"

"அது சாமி. இது சினிமா."

"கிறிஸ்மஸ் கேக் சாப்பிட உங்க வீட்டுக்கு வந்தேனே. சாப்பாட்டு மேசைக்கு மேல என்ன எழுதி மாட்டியிருக்கு? இயேசு கண்ணுக்குத் தெரியாத விருந்தாளின்னுதானே? என்னிக்காவது அவர் தட்டை எட்டிப் பார்த்தியோ?"

நான் பிறந்ததிலிருந்து அந்த வாசகத்துக்குக் கீழேதான் சாப்பிடுகிறேன். ஆனாலும் விடுவேனா? அன்று சாயங்காலம் அவள் பஸ் ஏறும்போது ஜன்னலோரம் நின்று, இல்லாத ஆளுக்குச் சோறு போடுகிறவளுக்குப் பைத்தியம் என்றுதான் பேர் என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை கேன்டீனில், டிபன் டப்பாவைத் திறக்காமலே, அம்மாவின் கதை முழுவதையும் அவள் சொன்னாள். சொல்லி முடித்து, "ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு வா. நீயே பார்த்துச் சொல்லு, அதையே அண்ணாகிட்ட சொல்லிடறேன்" என்றாள். என் நாக்கை அறுத்துப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் தூறிக்கொண்டிருந்தது. அக்காவின் அம்மாவை மாமி என்று கூப்பிட்டேன். அவர் வெகுநாள் பழகியவர் போல என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். பைத்தியத்தின் சாயலை அவர் முகத்தில் நான் தேடினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கூடத்தில் நான்கு இலைகள் போட்டிருந்தன. நான்காவது இலைக்கும் தண்ணீர் தெளித்து, சாதம், பருப்பு, வாழைக்காய்க் கறி, அப்பளம் எல்லாம் முறையாகப் பரிமாறினார். பரிமாறிவிட்டு அவரும் எங்களோடு உட்கார்ந்தார். மழைச் சத்தமும் ஈரமண் வாசனையும் அந்த அரையிருட்டுக் கூடமும் சேர்ந்து, நான்காவது இலைக்கு எதிரில் யாரோ உட்கார்ந்திருந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன் என்கிற நிலைக்கு என்னைக் கொண்டுபோயிருந்தன. அப்போது மாடியில் காயப்போட்ட துணி அக்காவுக்கு ஞாபகம் வந்தது. ஐயோ என்று எழுந்து ஓடினாள்.

அவள் கால்சத்தம் படியில் ஏறி மறைந்ததும் மாமி கை நீட்டி, நான்காவது இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தார்.

நான் அப்பளத்தையே பார்த்தேன். அது எச்சில் பார்க்கிற வீடு. டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தால்கூடக் கழுவி வைக்கச் சொல்வார்கள். ஒருவர் சாப்பிட்ட இலையிலிருந்து எடுத்து விருந்தாளிக்குப் போடுவது அந்த வீட்டில் கனவிலும் நடக்காது. அந்த இலையில் யாரும் கை வைக்கவில்லை என்று மாமிக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

"என்னடிம்மா பார்க்கறே? சாப்பிடு" என்றார் மாமி, குரலைத் தாழ்த்திக்கொண்டு. "பெத்தவளுக்குத் தெரியாதா? போன் வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். அவதான் அன்னம் தண்ணியில்லாம சுவரைப் பார்த்துண்டு படுத்திருந்தா. தம்பி வந்திருக்கான், வாடின்னு ஒரு நாள் இலையைப் போட்டேன். எழுந்து வந்து சாப்பிட்டா. அதுலேர்ந்து போட்டுண்டிருக்கேன்."

"அப்ப வேலூருக்கு..." என்றேன்.

"போகச் சொன்னா போறேன். டாக்டர்கிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியலை. நான் ஆஸ்பத்திரியிலே போய்ப் படுத்துண்டா இவளுக்கு யார் இலை போடுவா?"

படியில் கால்சத்தம் இறங்கி வந்தது. மாமி சட்டென்று தன் இலைக்குக் குனிந்துகொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் அப்பளத்தை இரண்டாக ஒடித்து வாயில் திணித்துக்கொண்டேன். இடுப்பில் ஈரத்துணியோடு அக்கா வாசற்படியில் நின்றாள். அவள் பார்வை நேராக நான்காவது இலைக்குப் போனது. ஒரு வாரமாக நான் பார்க்காத சிரிப்பு அவள் முகத்தில் வந்தது.

"பார்த்தியாடி? தினம் இப்படித்தான். வந்ததும் வராததுமா அப்பளாத்தைத்தான் முதல்ல எடுப்பான்."

தம்பி வந்து சாப்பிட்டுப் போகிறான் என்று நம்புவது அம்மா இல்லை, அவள்தான் என்று எனக்கு அப்போதுதான் முழுக்கப் புரிந்தது. வைத்தியம் யாருக்கு வேண்டும் என்று நான் அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றும் நினைத்து நினைத்து மாய்கிறேன். அந்த நேரத்தில் என் வாய் நிறைய அப்பளம் இருந்தது. மென்றால் நொறுங்குகிற சத்தம் அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்.

"இப்ப சொல்லு. வந்தானா, இல்லியா?"

மாமி நிமிரவில்லை. பிசைந்த சாதத்தில் அவர் கை மட்டும் நின்றுபோயிருந்தது. நான் மெல்லாமல், விழுங்காமல், அப்பளம் நாக்கிலேயே ஊற, வந்தான் என்று தலையை ஆட்டினேன்.

அக்கா துணியை அப்படியே கூடத்துக் கொடியில் எறிந்துவிட்டு அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, வேலூரெல்லாம் வேண்டாம். அம்மா நன்னாத்தான் இருக்கா. என்னோட வேலை பார்க்கற பொண்ணு இங்கதான் இருக்கா, அவளே கண்ணால பார்த்தா. லேப்ல இருக்கறவ, அண்ணா, அளந்து பார்க்காம எதையும் சொல்லமாட்டா."