விட்டுடு என்று சொன்ன வாத்தியார்

எதைக் கேட்டாலும் ஒரு நீண்ட மூச்சை வெளியே விட்ட பிறகுதான் அவர் பதில் சொல்வார். உப்பு போதுமா என்றாலும் அப்படித்தான். "மூச்சு முடிஞ்சதா? சோறு ஆறுது" என்று இருபது வருடமாக மனைவி கேலி செய்துவருகிறாள்.

ஒன்பது மாடி அலுவலகம் ஒன்றில் அவர் லிஃப்ட் இயக்குபவர். வேலைக்குப் போகுமுன் தினமும் யோகா வாத்தியார் வீட்டில் ஒரு மணி நேரம். சாவதற்குள் ஒருமுறையாவது மனம் முழுதாக அடங்க வேண்டும். வேறு ஆசை இல்லை. "லிஃப்டே மாடிக்கு மாடி நிக்குது. இது நிக்க மாட்டேங்குதே" என்பார்.

சம்மணமிட்டே முழங்கால்கள் தேய்ந்துபோயின. கீழே உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "வாத்தியாரய்யா சொன்னா நிறுத்தறேன்" என்றார் அவர். மருந்துக் கம்பெனியில் நாளெல்லாம் நின்று மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டு, வலிக்கும் கால்களோடு மனைவியே வாத்தியாரைப் பார்க்கப் போனாள்.

வாத்தியார் சில நாளாக நோயோடு படுக்கையில் கிடந்தார்.

"முதல் வருஷமே தெரிஞ்சுபோச்சும்மா, அவனுக்கு இது வராதுன்னு. 'விட்டுடுப்பா'ன்னேன். அவன் மூச்சை விட்டான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

"மறுபடி சொல்லியிருக்கலாமேங்கய்யா."

"மறுநாள் வந்து, 'விட்டுப் பழகிட்டேன்யா'ன்னு நிக்கிறான். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது? நீயாவது சொல்லிடும்மா. பொய் சொன்ன மாதிரியே இருக்கு எனக்கு."

"சொல்லிடறேங்கய்யா."

வீட்டில் கணவர் வாசற்படியிலேயே காத்திருந்தார். "என்ன சொன்னாரு?"

இருபது வருட விடியற்காலைகளையும் ஒரே வார்த்தையில் பிடுங்கிக்கொள்ள வேண்டும். அதற்கான தெம்பு அவளுக்கு அன்று இல்லை.

"இனிமே நாற்காலியில உக்காந்து செய்யணுமாம்."

அவர் முகம் மலர்ந்தது. "அடுத்த படியா?"

"ஆமா. அடுத்த படிதான்" என்றபடி செருப்பைக் கழற்றினாள்.

அடுத்த மாதம் வாத்தியார் காலமானார். கணவர் இப்போதும் விடியற்காலையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறார். முழங்கால் வீக்கம் வற்றியிருக்கிறது. இன்று சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று அவளும் தள்ளிக்கொண்டே போகிறாள். செத்துப்போன மனிதருக்குக் கொடுத்த வாக்கு இன்னும் பாக்கி.