அலுமாரி பிடிக்கும் நேரம்

எங்கள் உம்மாவின் வீட்டில், பின்னேர அசர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், அலுமாரி பிடிக்கும் நேரம் என்று ஒன்று உண்டு. புத்தளம் நகரைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஊர் அது. வீட்டுக்குப் பின்னால் காடு, காட்டுக்குப் பின்னால் கல்குவாரி. பாறைக்கு வெடி வைக்கப் போகிறோம் என்று அங்கே சங்கு ஊதியதும், உம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு முன்னறைக்கு ஓடுவார். அங்கே நிற்கும் கண்ணாடி அலுமாரிக்குள் அவருடைய கலியாணத்துக்கு வந்த தேத்தண்ணிக் கோப்பைகள் இருக்கின்றன. தோளை அலுமாரிக்கு முட்டுக் கொடுத்து, இரண்டு கைகளாலும் கதவுகளைப் பொத்திக்கொண்டு நிற்பார். 'டும்' என்று ஒரு சத்தம் வரும். வீடு ஒருமுறை தும்மும். கோப்பைகள் கிலுகிலுக்கும். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு உம்மா விட்ட வேலைக்குத் திரும்புவார்.

என்னைப் பெண் பார்க்கக் கடற்கரை ஊரான கண்டக்குழியிலிருந்து வந்தவர்களுக்கு இது ஒன்றும் தெரியாது. மணலில் பிறந்து மணலில் வளர்ந்த சனம். மாப்பிள்ளையின் உம்மா குடும்பப் பெருமையைப் பாதி சொல்லிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. எங்கள் உம்மா எழுந்து ஓடி அலுமாரியைக் கட்டிப்பிடித்தார். நான் குனிந்த தலை நிமிராமலே தேத்தண்ணித் தட்டத்தைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். வெடித்ததும் மாப்பிள்ளை கதிரையிலிருந்து துள்ளி எழுந்து, கடைசி மூச்சு என்று நினைத்துக் கலிமா சொல்லத் தொடங்கிவிட்டார். அவரைத்தான் நான் கலியாணம் முடித்தேன்.

குவாரிக்காரர்களைக் குறை சொல்லவும் மனம் வராது. ஊர் கூடிக் கேட்ட பிறகு பவுசர் வண்டியால் ரோட்டுக்குத் தண்ணீர் அடித்தார்கள், தூசி குறைந்தது. மரக்கன்றுகள் நட்டு, சூழலைக் காக்கிறோம் என்று பச்சைப் பலகை ஒன்றும் வைத்தார்கள். கன்றுகளை ஆடுகள் தின்றுவிட்டன. பலகையை மட்டும் விட்டுவைத்தன. என்னதான் செய்தாலும், பாறையைக் கெஞ்சிக் கேட்டு உடைக்க முடியாதே.

போன வருடம் எங்கள் கண்டக்குழி வீட்டுக்குப் பின்னால், காற்றுக் காலத்தில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு இரண்டு அறை கட்டலாம் என்று என் கணவர் சொன்னார். பழைய சமையல் குசினியை உடைத்தோம். கொங்கிரீட்டும் கல்லுமாக ஒரு மலை சேர்ந்தது. அறை கட்ட வந்த மேசன் பாஸ் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதைக் களப்புக் கரையில கொட்டிட்டு, அறை நிலத்துக்குக் கீழ நிரப்பப் புதுச் சல்லிக்கல் இறக்குவம்" என்றார்.

"சல்லிக்கல் எங்க இருந்து வருது?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"உங்கட ஊர்ப் பக்கந்தான் தங்கச்சி. நல்ல கருங்கல்."

வெள்ளைக்காரர் காலை நீட்டிப் படுக்கும் அறைக்காக எங்கள் உம்மா தோள் கொடுத்து நிற்பது கண்ணுக்குள் வந்தது. நேரே போய் அந்தக் குவியலின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற சாதி நான். உட்கார்ந்த இடம் நன்றாகக் குத்தியது, அதை வெளியே காட்டவில்லை.

"புள்ள, ஒரு டிப்பர் கல்லுக் குறைஞ்சா அங்க வெடி குறையுமா?" என்றார் கணவர்.

"குறையாது எண்டு எனக்கும் தெரியும். ஆனா எங்கட அறைக்குக் கீழ கிடக்கிற கல்லுக்காக எங்கட உம்மா அலுமாரி பிடிக்கத் தேவையில்ல."

அவர் தலையைச் சொறிந்தார். கலிமா சொன்ன நாள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். போய்ச் சம்மட்டியை எடுத்து வந்தார்.

பாஸும் கொஞ்சம் இறங்கி வந்தார். "தூணுக்கும் பீமுக்கும் புதுக்கல்லுத்தான் வேணும், அதுல விளையாட ஏலாது. நிலத்துக்குக் கீழ போட இதே போதும்" என்றார். குவியலை உடைத்து நிரப்பினோம். கணவரின் கை கொப்பளித்தது. அதைச் சந்தியில் நிற்கிற எல்லாருக்கும் காட்டிவிட்டு வந்தார்.

நான் உம்மாவுக்குப் போன் எடுத்துப் பீற்றிக்கொண்டேன். "உங்களுக்காக ஒரு டிப்பர் கல்லுக் குறைச்சிட்டம் உம்மா!"

"அதை வேற ஆருக்காவது வித்திருப்பாங்க மகள். வை, சங்கு ஊதுது" என்று போனை வைத்துவிட்டார்.

சில நாட்கள் கழித்து, அதே நேரத்தில், மறுபடி எடுத்தேன். சங்கும் இல்லை, ஓட்டமும் இல்லை. உம்மா அவசரமில்லாமல் ஆறுதலாகக் கதைத்துக்கொண்டே இருந்தார்.

"இண்டைக்கு வெடி இல்லையா உம்மா?"

"இல்ல மகள். நீ குறைச்ச டிப்பராலதான் போல."

ஓடிப்போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புள்ள, இண்டைக்குப் பௌர்ணமிப் போயா. நாடே லீவு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த உம்மாவிடம் சண்டை பிடிக்க உடனே திரும்ப எடுத்தேன். "போயா எண்டு தெரிஞ்சிட்டுத்தானே சொன்னீங்க?"

"ஓம், தெரியும்" என்று சிரித்தார். "அதுக்காக நீ செஞ்சது இல்லையெண்டு ஆகிடுமா? இண்டைக்கு உன்ட பேரால அலுமாரியைத் திறந்து, ஒரு கோப்பையை எடுத்துத் தேத்தண்ணி குடிச்சன் மகள்."

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக்கூட உம்மா எடுக்காத கோப்பை அது.