இட்லிச் சட்டி ஆவியில் பிறந்த சடை

தலை பின்னிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. “இங்கன என்னடி, மொழுக்குன்னு இருக்கு?” என்று என் வலது காதுக்குப் பின்னால் விரலை வைத்தாள். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடியில்லாமல் வழவழவென்று இருந்தது. வலி இல்லை, அரிப்பு இல்லை. இதே நோயோடு இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் இப்படித்தான் தொடங்கியிருக்கும்.

அது 2008. நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எங்கள் ஓடைப்பட்டியில் இதைப் புழுவெட்டு என்பார்கள். புழு எதுவும் கிடையாது. சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தோம். இரண்டு மாதத்தில் ஒன்று ஐந்தானது. பிறகுதான் தேனிக்குத் தோல் மருத்துவரிடம் போனோம்.

அலோபீசியா ஏரியேட்டா (உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் சொந்த முடியின் வேரையே தாக்குவது) என்றார். வழுக்கை விழுந்த இடங்களில் மாதம் ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி (அந்தத் தாக்குதலை அடக்கும் மருந்து) போட வேண்டும்.

“எத்தன நாள்ல சார் வளரும்?”

“அத முடியத்தாம்மா கேக்கணும். ஆறு மாசமும் ஆகலாம். அதுவரைக்கும் இறுக்கிக் கட்டாத. சவுரி கிவுரி மாட்டாத.”

எதையும் ஆறு நாளில் கற்றுக்கொண்டு அடுத்ததற்குப் போகிறவள் நான். ஆறு மாதம் சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

தேனி பிரவுசிங் சென்டரில் தேடியபோது, வெளிநாட்டுப் பெண் ஒருத்தி செயற்கை முடியில் சடைத்திரி செய்வதைப் படம் படமாகப் போட்டிருந்தாள். டிரெட்லாக் என்று பெயர். அத்தனையையும் நோட்டில் வரைந்துகொண்டு வந்தேன்.

கம்பத்தில் நைலான் சவுரி வாங்கினேன். ஒரு பிடி எடுத்துப் பேன்சீப்பால் தலைகீழாகச் சீவிச் சிக்காக்க வேண்டும். உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டித் திரித்து ஆவியில் காட்டினால் இறுகிக்கொள்ளும். முதல் திரியை அவசரத்தில் அடுப்புத் தீயிலேயே காட்டிவிட்டேன். உருகி இடுக்கியில் ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு இட்லிச் சட்டியை எடுத்துக்கொண்டேன்.

“இனி அதுல அவிச்ச இட்லிய எவ திம்பா?” என்றாள் அம்மா.

எட்டாவது திரியில் கை பழகியது. இரண்டே வாரத்தில் முப்பத்தாறு திரிகள். அந்த இரண்டு வாரமும் நோயே எனக்கு நினைவில் இல்லை. மிச்சமிருந்த முடியைச் சின்னச் சின்னதாகப் பின்னி, ஒவ்வொன்றிலும் ஒரு திரியை இறுக்கிக் கட்டினேன். வழுக்கை எங்குமே தெரியவில்லை. கண்ணாடியை விட்டு நகர மனமில்லை.

முதலில் பார்த்தவர் பாண்டியம்மாக்கா. எங்கள் தோட்டத்தில் திராட்சைக் கொத்து வெட்ட வருபவர். முந்தின மாதம்தான், “என்ன பாப்பா, மண்டைய கோழி கொத்திருச்சா?” என்று கேலி செய்திருந்தார். எங்கள் பக்கம் முடி தானாகச் சிக்கித் திரித்திரியாகத் தொங்கினால் சாமி இறங்கிய அடையாளம். அதைச் சீவ மாட்டார்கள், வெட்டவும் மாட்டார்கள். அக்கா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

“கொட்டுன மண்டைக்கே சடை குடுத்துட்டியே, ஆத்தா!”

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. “சவுரிக்கா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் அடியில் என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டியிருக்கும். கீழே இருந்த தூக்குவாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் ஊரே நம்பியது. பேருந்தில் எழுந்து இடம் கொடுத்தார்கள். வாசலில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனார்கள். “சொல்லிருடி, பாவம்டி” என்று அம்மா தினமும் சொன்னாள். “நாளைக்குச் சொல்றேம்மா” என்று நானும் தினமும் சொன்னேன். ஊசிக்குப் போனால் திரிகளைக் கழற்ற வேண்டும் என்பதால் அதற்கும் போகவில்லை.

மூன்று மாதம் கழித்து, எட்டாம் வகுப்புப் படிக்கும் தன் மகள் ராணியை அக்கா கூட்டிவந்தார். ராணியின் தலையில் துண்டு கட்டியிருந்தது.

“இவளுக்கும் புழுவெட்டுதான் ஆத்தா. தேனி டாக்டரு மருந்து குடுத்தாக. உனக்கு இறங்குனதப் பாத்ததும் அத நிப்பாட்டிட்டேன். மூணு மாசமாச் சீப்பே படல. உன் கையால துண்ணூறு பூசி விடு.”

துண்டை அவிழ்த்தார். பாதித் தலை வெறும் தோல்.

அம்மாவிடம் கத்தரிக்கோல் வாங்கி ஒரு திரியை வெட்டி அக்கா கையில் கொடுத்தேன். “நைலான்க்கா. கம்பத்துல வாங்கி இட்லிச் சட்டி ஆவியில நானே செஞ்சேன்.” அக்கா அதை மோந்து பார்த்தார். மற்றவற்றையும் எடுத்தேன். பலவற்றுக்குக் கத்தரியே தேவைப்படவில்லை. தொட்டதும் என் முடியோடு சேர்ந்து வந்தன.

“நாந்தான் கூறுகெட்டவ. நீ காலேசு படிக்கிறவதானடி? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?”

‘ஆத்தா’ போய் ‘டி’ வந்தது. அதுதான் சரி.

ராணி தரையில் கிடந்த திரி ஒன்றை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தாள். “அக்கா, எனக்கும் இப்பிடிக் கட்டி விடுறியா?”

அவள் முன்னால் குனிந்தேன். “தொட்டுப் பாரு.”

தொட்டவள் சட்டென்று கையை எடுத்தாள். “பொரிப் பொரியா இருக்குக்கா.”

மறுநாள் மூவரும் தேனிக்குப் போனோம். என் தலையைப் பார்த்த மருத்துவர், டிராக்‌ஷன் அலோபீசியா (முடி ஓயாமல் இழுபட்டு வேர் நைந்துபோவது) என்றார். “மொத வந்தது நீ வரவழைச்சதில்ல. இது ஒன் கைவேலை.” ராணியை வெகுநேரம் பார்த்தார். “மூணு மாசம் வீணாப் போச்சு. எல்லா எடத்துலயும் வரும்னு சொல்ல முடியாது. மறுபடி ஆரம்பிப்போம்.” அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாவது ஆண்டாகச் சேர்ந்தே போய்வருகிறோம். அக்கா என்னோடு பேசுவதில்லை; பேருந்தில் எனக்கும் சேர்த்து இடம் போட்டுவைப்பார். எனக்கு முதலில் பூனைமயிர்போல் வெள்ளையாக முளைத்து, மெல்லக் கறுத்தது. முடி தன் வேகத்தில்தான் வருகிறது. என் அவசரம் அதற்குக் கேட்பதில்லை. முன்பு நாளை எண்ணினேன். இப்போது ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவே உள்ள மாதம்தான் எனக்கு ஒரு நாள்.

ராணிக்கு உச்சியில் நன்றாக வந்துவிட்டது. பிடரிக்கு மேல் உள்ளங்கை அளவு இடத்தில் வரவில்லை. அவளால் அதைப் பார்க்க முடியாது. ஒவ்வொரு முறையும் சின்னமனூர் தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக் குனிந்து, “ஏதாச்சும் தெரியுதாக்கா?” என்று கேட்கிறாள்.

வெளிச்சம் விழும்வரை பொறுத்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

“இன்னும் இல்ல, ராணி.”