ஏழாவது பத்தி

நான் குடியிருக்கும் நகரின் நுழைவாயிலில் ஒரு வளைவு இருக்கிறது. சிமென்டில் இரண்டு யானைகள், நடுவில் நகரின் பெயர், அதற்குக் கீழே 'அங்கீகரிக்கப்பட்ட வீட்டுமனைகள்' என்று சிறிய எழுத்து. உள்ளே பதினொரு தெருக்கள். தெருக்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். பூங்கா உண்டு. அதில் ஒரு காது உடைந்த சிமென்ட் மான் நிற்கிறது. மனைகளில் பாதி இன்னும் காலி. நான்கு மூலையிலும் மஞ்சள் அடித்த எல்லைக்கல், நடுவில் சீமைக்கருவேலம். கட்டிய வீடுகளிலும் பெரும்பாலானவை பூட்டிக் கிடக்கின்றன. உரிமையாளர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்தால் இந்த நகர். சென்னையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருந்த அடுக்குமாடியை இடித்துக் கட்டப் போவதாகச் சொன்னார்கள். இங்கே வாடகை கம்மி, காற்று வரும், மாடியிலிருந்து மலை தெரியும். இவைதான் காரணங்கள். ஆனால் இந்த ஊரில் ஒரு பெண் தனியாக வீடு எடுத்தால் அந்தக் காரணங்களை யாரும் நம்புவதில்லை.

"ஆசிரமத்துக்கு வந்திருக்கீங்களாம்மா?" என்றார் கேட்டில் இருந்த வாட்ச்மேன், முதல் நாள்.

"இல்லைங்க. வாடகைக்கு வந்திருக்கேன்."

"சரிதான். தியானமெல்லாம் வீட்டுலயே பண்ணலாம்."

தன் நோட்டில் என்னை அவர் 'நாற்பத்திரெண்டு – வாடகை' என்று எழுதிக்கொண்டார். இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இங்கே சில ஏற்பாடுகள் உண்டு. உரிமையாளர்களின் வண்டிக்குப் பச்சை ஸ்டிக்கர், நமக்கு மஞ்சள். சங்கக் கூட்டத்துக்கு நாம் போக முடியாது. நகரின் வாட்ஸ்அப் குழுவிலும் இடம் இல்லை. மோட்டார் ரிப்பேர், நாளைக் காலை தண்ணீர் வராது என்று குழுவில் ஓர் அறிவிப்பு வந்தால், அது சென்னையில் இருக்கும் என் வீட்டு உரிமையாளருக்குப் போகும். அவர் பார்த்து எனக்கு அனுப்புவார். பெரும்பாலும் குழாய் நின்ற பிறகுதான் வந்து சேரும்.

எங்கள் நான்காவது தெருவில் பதினான்கு வீடுகள். சாயங்காலம் விளக்கு எரிவது மூன்றில். ஒன்று என் வீடு. கடைசி வீட்டில் இருப்பவர் கலெக்டர் ஆபீஸில் வேலை செய்கிறார், வெள்ளிக்கிழமை கிளம்பினால் திங்கள்தான் வருவார். மூன்றாவது வீட்டில் ஆறு மணிக்கு வராந்தா விளக்கு எரியும். அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அழைப்பு மணியைக்கூட அடித்தேன். அது தானாக எரிந்து தானாக அணையும் விளக்கு என்று வாட்ச்மேன் சொன்னார்.

என் வீட்டு ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கானது. அதில் ஏழாவது பத்தி இப்படி இருந்தது: 'மேற்படி வீட்டின் தென்கிழக்கு அறை உரிமையாளர் வசம் பூட்டியிருக்கும். பௌர்ணமிதோறும் உரிமையாளர் குடும்பத்தினர் கிரிவலத்துக்காக வந்து ஓர் இரவு தங்குவர்.' இந்தப் பகுதியில் இது வழக்கம். வெளியூர்க்காரர்கள் வீடு கட்டுவதே பௌர்ணமிக்காகத்தான், வாடகைக்கு விடுவது வீடு பாழாகாமல் இருக்க. வேறு வீடு கிடைக்காததால் நான் கையெழுத்துப் போட்டேன்.

முதல் பௌர்ணமியன்று மத்தியானம் ஒரு காரில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். வீட்டுக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி. மனைவியின் தங்கை. பூட்டிய அறையைத் திறந்தார்கள், பாய்களை உதறினார்கள், என் சமையலறையில் டம்ளர் தேடினார்கள். மரியாதையானவர்கள்தான். ஆனால் என் நாற்காலியில் உட்காரலாமா என்று நானே யோசிக்கும்படி ஆனது. செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வரும் ஒரு காபிக் கடைக்குப் போய் நேரத்தைக் கழித்தேன்.

மறுநாள் அவர்கள் கிளம்பியதும் வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டே வாக்கியம். 'ஏழாவது பத்தி வாடகைதாரரின் அன்றாட வாழ்க்கைக்கு இடையூறாக உள்ளது. அடுத்த ஒப்பந்தத்தில் அதை நீக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.' அது செய்தி மேசைப் பழக்கம். ஒரு பத்தி இல்லாமல் செய்தி நிற்கும் என்றால் அந்தப் பத்தியை வெட்டிவிடுவோம். 'கடிதம் கிடைத்தது, ஃபைலில் வைத்திருக்கிறேன்' என்று அவர் பதில் அனுப்பினார். நான் அதோடு மறந்துவிட்டேன்.

இரண்டாவது பௌர்ணமிக்கும் வெளியே போய்விட்டேன். மூன்றாவதற்கு மத்தியானத்திலிருந்து மழை. போக முடியவில்லை. மூன்று மணிக்குக் கிளம்பிய அவர்கள் எட்டு மணிக்குச் சொட்டச் சொட்ட வந்து நின்றார்கள். பதினான்கு கிலோமீட்டர், வெறுங்கால்.

"மேடம், வெந்நீர் கொஞ்சம் கிடைக்குமா? கால வெக்கணும்" என்றார் வீட்டுக்காரரின் மனைவி.

பெரிய பாத்திரத்தில் தண்ணீர் காய்ச்சி, கல்லுப்பு போட்டுக் கொடுத்தேன். என்னிடம் இருந்தது ஒரே பக்கெட். அதை ஹாலின் நடுவில் வைத்து முறைபோட்டுக்கொண்டார்கள்.

"அக்கா, அரை மணி நேரமா வெச்சிருக்க. தண்ணி ஆறிப்போச்சு" என்றாள் தங்கை.

"பெரியவளுக்கு ஒரு மரியாதை குடுடி."

"வீட்டு ஓனர் நானு. எனக்குத்தான் முதல்ல குடுத்திருக்கணும்" என்றார் வீட்டுக்காரர்.

"ஓனரு! அடி அண்ணாமலை வர்றதுக்குள்ள ஆட்டோ கிடைக்குமானு கேட்ட ஆளு. மேடம், நிஜமாங்க. அவ்ளோ ஜனத்துக்கு நடுவுல ஆட்டோ தேடுறாரு" என்றார் அந்த அம்மா.

"விசாரிச்சேன். விசாரிக்கறது தப்பா?"

நான் சிரித்தேன். வீட்டுக்குள் என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாகக் கேட்டது. அந்த அம்மா என் வயதைக் கேட்டார். ஐம்பத்தெட்டு என்றேன்.

"என்னைவிட மூணு வயசு மூத்தவங்க. அப்ப என்ன மேடம்? இனிமே அக்காதான்."

அடுத்த வாரம் தேரடி வீதிக்குப் போய் இன்னும் இரண்டு பக்கெட் வாங்கிவந்தேன், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. கூடவே ஒரு பொட்டலம் கல்லுப்பு.

அதன் பிறகு ஒவ்வொரு பௌர்ணமியும் ஒரே மாதிரிதான் நடந்தது. பத்து மணியிலிருந்தே நகருக்குள் கார்கள் வரும். வாட்ச்மேன் கேட்டின் இரண்டு கதவையும் திறந்துவைப்பார். பதினான்கு வீட்டிலும் குக்கர் சத்தம் கேட்கும், துணி காயும். சாயங்காலம் எல்லா ஜன்னலிலும் வெளிச்சம். மறுநாள் ஒன்பது மணிக்கு வாசலில் குப்பைப் பைகள் மட்டும் இருக்கும். எங்கள் வீட்டில் மூன்று பக்கெட், மூன்று பேரின் கால், தலைவலித் தைலத்தின் வாசனை. அந்த அம்மா சென்னையிலிருந்து ஏதாவது கொண்டுவருவார். நான் ரசம் வைத்து அப்பளம் பொரித்திருப்பேன்.

"அக்கா, நீங்க மலைய ஒரு தடவகூட சுத்த மாட்டீங்களா? இவ்ளோ கிட்ட இருந்துகிட்டு?"

"தினமும் மாடியிலேருந்து பாக்கறேனே, போதாதா?"

"நல்லா இருக்கே. நாங்க சுத்தறோம், புண்ணியம் உங்களுக்கா?"

"வெந்நீர் வெச்சுத் தர்றவங்களுக்கு பாதி உண்டு" என்றார் வீட்டுக்காரர், பக்கெட்டிலிருந்து காலை எடுக்காமல்.

மாதத்தில் மற்ற நாட்களில் என்னோடு பேசுகிறவர்களை எண்ணிவிடலாம்: பால்காரர், வாட்ச்மேன், காய் வண்டிக்காரர், தொலைபேசியில் எப்போதாவது பழைய அலுவலக நண்பர். சில நாள் யாருமே இல்லை. சாயங்காலம் மாடிக்குப் போனால் மலை பக்கத்தில் இருக்கும், தெரு காலியாக இருக்கும், மூன்றாவது வீட்டு விளக்கு தானாக எரியும். பௌர்ணமிக்கு எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பதினொரு மாதம் முடியும்போது வீட்டுக்காரரிடமிருந்து ஒரு காக்கி உறை வந்தது. புது ஒப்பந்தம் இரண்டு பிரதி. ஆறாவது பத்திக்கு அடுத்து நேரே கையெழுத்துக்கான இடம் வந்துவிட்டது. உறைக்குள் ஒரு சாவியும் இருந்தது. தென்கிழக்கு அறையின் சாவி.

உடனே அவரைக் கூப்பிட்டேன்.

"என்ன சார், ஏழாவது பத்தியைக் காணோம்?"

"நீங்க கேட்டதுதான மேடம். லெட்டர் ஃபைல்ல இருக்கு. வாய்ல சொன்னா மறந்துடுவேன், எழுதிக் குடுத்தா செஞ்சுடுவேன். பேங்க்ல அப்படியே பழகிட்டேன். ரூம்ல இருக்கற சாமான இன்னொரு நாள் வந்து எடுத்துக்கறோம்."

நான் ஏதோ சொல்வதற்குள் போன் கைமாறியது.

"மேடம், நல்லா இருக்கீங்களா?" என்றார் அந்த அம்மா.

எட்டு மாதம் அக்கா. இப்போது மேடம்.

"எனக்குத் தெரியவே தெரியாதுங்க. இப்பதான் லெட்டரைக் காமிச்சாரு. நாங்க பாட்டுக்கு மாசாமாசம் வந்து, கால ஊற வெச்சுகிட்டு, உங்கள வேல வாங்கிகிட்டு…"

"அப்படியெல்லாம் இல்லைங்க."

"பரவால்ல மேடம். உங்க மேல தப்பு இல்ல. இந்த மாசத்துக்கு செங்கம் ரோட்டுல ரூம் சொல்லிட்டாரு."

முப்பத்தோரு வருடம் மற்றவர்களின் வாக்கியங்களைத் திருத்தியவள் நான். அந்த நேரத்தில் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். அந்தக் கடிதம் பழசு, நீங்கள் வர வேண்டும், அவ்வளவுதான். "உடம்பைப் பாத்துக்குங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன். மறுநாள் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியைத் திருப்பி அனுப்பினேன்.

பௌர்ணமி வந்தது. கார்கள் வந்தன. பால் வாங்கப் போனபோது வாட்ச்மேன் கேட்டார்.

"நாப்பத்திரெண்டு ஓனர் இன்னும் வரலையே?"

"வர மாட்டாங்க. லாட்ஜ்ல தங்கறாங்க."

"சொந்த வூடு இருக்கறப்ப லாட்ஜா?" அவர் நோட்டை மூடிவைத்தார். "சண்டையாம்மா?"

"இல்லைங்க."

சாயங்காலம் எதிர்வீட்டில் ஒரே சிரிப்பு. ஏழரை மணிக்கு அடுப்பில் பெரிய பாத்திரத்தைப் பார்த்தேன். தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தது. நான்தான் வைத்திருக்க வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு, ஒன்பது நாளாக மேசையில் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டு போய் அந்த அறையைத் திறந்தேன். அதற்கு முன் நான் அதற்குள் போனதில்லை.

பத்துக்குப் பத்து அறை. சுருட்டிய பாய் நான்கு, தலையணை நான்கு. ஆணியில் ஒரு பழைய நைட்டி, மூன்று துண்டுகள். ஜன்னல் மேடையில் தைல டப்பா. சுவரில் ஒரு மளிகைக் கடையின் மாதக் காலண்டர், ஒவ்வொரு பௌர்ணமியையும் பால்பாயின்ட் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள். சில வட்டங்களுக்குப் பக்கத்தில் அந்த அம்மாவின் கையெழுத்தில் குறிப்புகள்: 'தைலம் தீர்ந்தது', 'ஃபேன் ஆள் கூப்பிட'. அன்றைய தேதிக்குப் பக்கத்தில் 'அக்காவுக்கு நார்த்தங்காய் ஊறுகாய், 1 பாட்டில்' என்று இருந்தது. போன பௌர்ணமியன்று எழுதியிருக்க வேண்டும். அப்போது அவருக்கு என் கடிதம் தெரியாது.

பாய்கள் நான்கு, தலையணை நான்கு என்பதை மறுபடி எண்ணினேன். வருகிறவர்கள் மூன்று பேர். நான்காவது யாருக்கு என்று எனக்குத் தெரியாது. விருந்தாளிக்காக இருக்கலாம். ஊகத்தைச் செய்தியாக எழுதக் கூடாது என்பது முதல் பாடம், அதனால் அதற்கு மேல் யோசிக்கவில்லை. விளக்கை அணைத்து வெளியே வந்தேன்.

காலையில் மேசையில் உட்கார்ந்தேன். நாளிதழில் ஒரு தவறு வந்துவிட்டால் மறுநாள் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு திருத்தம் போடுவோம். தவறு எந்த நாளில், எந்தப் பத்தியில் வந்தது, சரியானது எது. வருந்துகிறோம் என்று கடைசியில் ஒரு சொல். என் மேசைக் காலத்தில் நூற்றுக்கணக்கில் எழுதியிருப்பேன். என் பெயரில் ஒன்றுகூட எழுதியதில்லை.

ஒரு வெள்ளைத் தாளில் மேலே 'திருத்தம்' என்று எழுதினேன். கீழே:

'முதல் மாதத்தில் நான் எழுதிய கடிதம் தவறானது. வருந்துகிறேன். ஏழாவது பத்தி பின்வருமாறு இருக்க வேண்டும்: தென்கிழக்கு அறை உரிமையாளர் வசம் பூட்டியிருக்கும். பௌர்ணமிதோறும் உரிமையாளர் குடும்பத்தினர் வந்து தங்குவர். வெந்நீர் வாடகைதாரரின் பொறுப்பு.'

தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். எழுதிக் கொடுத்தால் அவர் செய்துவிடுவார். அறையைப் பூட்டி, சாவியை ஒரு காகிதத்தில் சுற்றித் தாளோடு உறைக்குள் வைத்து ஒட்டினேன்.

தபால் நிலையத்தில் உறையை எடை போட்ட பெண் அதைத் தடவிப் பார்த்தார்.

"உள்ள என்னம்மா, சாவியா?"

"ஆமாங்க."

"வீடு காலி பண்றீங்களா?"

"இல்லைங்க" என்றேன். "அடுத்த பௌர்ணமிக்குள்ள போய்ச் சேர்ந்துடும் இல்ல?"

"இருபத்தெட்டு நாள் இருக்கு" என்றார் அவர், காலண்டரைப் பார்க்காமலேயே. "நாளன்னைக்கே சேர்ந்துடும்."