பாதி விலைக்கு ஒரு லாரி

என் அக்காவின் கணவருக்கு அலுவலகத்தில் 'கொட்டேஷன்' என்று பெயர். பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் சாமான் கொள்முதல் பிரிவில் இருந்தார். ஒரு விளக்குமாறு வாங்குவதென்றாலும் நாலு கடையில் விலை கேட்பார். ஒருவன் சொன்னதை அடுத்தவனிடம் சொல்லி அடித்துக் குறைப்பார். கடைசியில் எவனுடைய விளக்குமாறு முதல் வாரத்திலேயே உதிர்ந்து போகுமோ, அவனிடம் வாங்கி வருவார். அந்தப் பெயரில் கேலி இருப்பது அவருக்கு உறைக்கவே இல்லை. ஏதோ பட்டம் கொடுத்துவிட்டார்கள் என்ற நினைப்பு.

கல்யாணமான புதிதில் அக்காவுக்குக் கடைவாய்ப்பல் வலித்தபோது, எந்த டாக்டர் குறைவாக வாங்குகிறார் என்று ஊர் முழுக்க விசாரித்துக்கொண்டிருந்தார். வலி பொறுக்காமல் அக்கா தெருமுனையில் இருந்தவரிடம் தானே போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். வீங்கின கன்னத்தோடு நின்றவளிடம் மாமா சொன்னது: "என்கிட்ட விட்டிருந்தா இன்னும் குறைச்சிருப்பேன்."

இப்படிப்பட்டவரோடு அக்கா குடும்பம் நடத்தினாள். படுக்கையறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே ஒரு தையல் மிஷினைச் செருகிக்கொண்டு, பள்ளிச் சீருடை தைத்தே மகளைப் படிக்க வைத்தாள். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். பிறகு, கடனும் அக்காவின் சேமிப்புமாகச் சேர்த்து, நகரத்தின் மறுகோடியில் தரைத்தளத்திலேயே ஒரு சின்ன வீடு வாங்கினார்கள். அதுவரை இருந்தது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சாமான்களை இறக்கிக் கொண்டுபோக ஆள் பிடிக்கும் பொறுப்பை மாமா கையில் எடுத்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முதலில் வந்தது ஒரு பெரிய கம்பெனியின் ஆள், ஒரு பெண். ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள், பரணைத் திறந்து பார்த்தாள், மர பீரோவையும் படிக்கட்டு வளைவையும் டேப் வைத்து அளந்தாள்.

"பீரோ படியில திரும்பாது சார். கழட்டித்தான் இறக்கணும். எங்க ஆளுங்களே கழட்டி, அங்க மாட்டிக் குடுத்துடுவாங்க" என்றாள். பெட்டி, சுற்றுத்தாள், படி இறக்குகூலி, உடைந்தால் ஈடு எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொன்னாள்.

மாமா சிரித்தார். "இந்த விலைக்கு ஒரு லாரியே வாங்கிடலாமே."

"வாங்கலாம் சார். யார் தூக்குவா?"

அவள் போகும்போது தன் அட்டையை அக்காவிடம் கொடுத்தாள். மாமா திரும்ப விலை பேசக் கூப்பிட்டால் எடுக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்திருப்பாள் என்பது என் ஊகம்.

அதன்பின் அந்த வீட்டில் தினம் ஒரு கம்பெனிக்காரன் உட்கார்ந்திருந்தான். வந்தவனுக்கெல்லாம் டீ போட்டது அக்கா. கடைசியில் ஒருவன், வீட்டைப் பார்க்காமலே, போனிலேயே பாதி விலைக்கு ஒத்துக்கொண்டான். "உங்க குரலைக் கேட்டாலே தெரியுது சார், விவரமான ஆளுன்னு" என்றானாம். மாமா அங்கேயே விழுந்துவிட்டார். போதாக்குறைக்குத் தானும் ஒரு சாமர்த்தியம் செய்தார். "ரெண்டு ரூம், நாலஞ்சு சாமான்" என்று மட்டும் சொன்னார். மூன்றாவது மாடியைச் சொல்லவில்லை. பீரோவைப் பற்றி மூச்சு விடவில்லை. ஏமாற்றுகிறவனைத் தான் ஏமாற்றிவிட்டதாக அவருக்குப் பூரிப்பு. அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வீடு மாறுகிற அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். வாசலில் ஒரு திறந்த லாரி நின்றது. ஒரு டிரைவர், இரண்டு சுமைக்காரர்கள். அதில் ஒருவருக்குக் கையில் கட்டு. பெட்டி இல்லை, சாக்கு இல்லை. நல்லவேளை, அக்கா முன்கூட்டியே கடை கடையாய்ப் போய் அட்டைப்பெட்டி சேர்த்து வைத்திருந்தாள்.

பாதிச் சாமான் ஏறியது. பிறகு பீரோவைத் தூக்கினார்கள். இரண்டாம் மாடி வளைவில் அது வசமாகச் சிக்கிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. அந்த மாடியில் குடியிருந்த டீச்சர், பள்ளிக்கு நேரமாகிறதென்று கைப்பையை முன்னால் தள்ளிவிட்டு, பீரோவுக்கு அடியில் தவழ்ந்து வெளியே போனார்.

டிரைவர் மாமாவிடம் வந்தார். "மாடின்னு நீங்க சொல்லவே இல்லையே சார். மாடிக்குத் தனி. பீரோவுக்குத் தனி."

கேட்ட தொகையைக் கூட்டினால், முதலில் வந்த பெண் சொன்னதற்குச் சரியாக வந்து நின்றது.

"பேசுனது பேசுனதுதான். ஒரு பைசா கூடத் தரமாட்டேன்" என்றார் மாமா.

"சரி சார், வெயிட் பண்றோம். வெயிட்டிங்குக்கும் தனி." டிரைவர் போய்க் கேபினில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டார்.

மாமா தெருவில் நின்று போன் போட்டுக்கொண்டே இருந்தார். குரலை வைத்தே ஆளை எடைபோட்டவன் எடுக்கவில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. லாரியில் மெத்தையும் டிவியும் சோபாவும் ஆகாயத்தைப் பார்த்தபடி கிடந்தன.

டிரைவர் தலையை மட்டும் நீட்டினார். "தார்ப்பாய் இருக்கு சார்."

"அதுக்கும் தனியா?"

"ஆமா சார்."

"வேண்டாம்."

அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, மெத்தை ஊறுவதைப் பார்த்தபடி, குடைக்குள் நிமிர்ந்து நின்றார் மனிதர். கொள்கைக்காகக் கழுவேறப் போகிறவரைப் போல. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

மேலே போனேன். காலி அறையில் அக்கா தன் மிஷின் மேல் கைவைத்து நின்றிருந்தாள். மறுகையில் அந்தப் பெண்ணின் அட்டை.

"மூணாவது மாடி. லிஃப்ட் இல்ல. படியில ஒரு பீரோ மாட்டிக்கிட்டு நிக்குது" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "என்னோட சாமான் மட்டும் எடுத்துட்டுப் போகணும். மிஷின், வெட்டுற மேசை, துணி மூட்டை. எவ்வளவுன்னு சொல்லுங்க. நான் குறைச்சுக் கேக்க மாட்டேன்."

மத்தியானம் மூடிய வண்டி ஒன்று வந்தது. ஆட்கள் முதலில் வழிக்காகப் பீரோவைக் கழற்றி, பலகைகளைச் சுவரோரம் சாய்த்தார்கள். பிறகு அக்காவின் மிஷினைக் கம்பளியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் இறக்கினார்கள்.

மாமா வழிமறித்தார். "என்னைக் கேக்காம யார் இவங்களை வரச்சொன்னது?"

"நான்தான்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீங்க விலை பேசுவீங்க" என்றாள் அக்கா. புது வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். நானும் அவளோடு ஏறிக்கொண்டேன்.

புது வீட்டின் முன்னறைக்குத் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். சோபாவும் டிவியும் போட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார மாமா ஒதுக்கி வைத்திருந்த அறை அது. "எங்கம்மா வைக்கிறது?" என்று ஆட்கள் கேட்டார்கள். அக்கா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "இங்கயே. ஜன்னல்கிட்ட."

இருட்டும் நேரத்தில் திறந்த லாரி வந்து சேர்ந்தது. டிரைவர் கேட்ட அத்தனையையும் மாமா கொடுத்திருந்தார். தார்ப்பாய்க்கும் கொடுத்திருந்தார், எல்லாம் நனைந்த பிறகு. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"முன் ரூம்ல என்ன இது?"

"தையல் கடை" என்றாள், ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல். ஈர சோபா பின்கட்டுக்குப் போனது.

டிவி அதோடு சரி. மெத்தை வாடை போகவே இல்லை. பீரோ இன்னும் பலகையாகத்தான் கிடக்கிறது. மாட்டிக் கொடுக்க மாமா தச்சர்களிடம் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, பாதி விலையில் வீடு மாறிய வித்தையைச் சொல்லாமல் விடுவதில்லை. ஜன்னலில் மிஷினைப் பார்த்து அக்காவிடம் தைக்கக் கொடுக்க ஆட்கள் வரத்தொடங்கினார்கள்; அவள் உதவிக்கு ஒரு பெண்ணைக்கூட வைத்துக்கொண்டாள். அது பற்றி அவர் யாரிடமும் சொல்வதில்லை.

போன வருஷம் மகள் தன் ஊரில் வீடு மாறினாள். சாமான்கள் போய்ச் சேர்ந்து, அடுப்பும் பற்றவைத்த பிறகுதான் அப்பாவுக்குப் போன் செய்தாள். வீடு எப்படி, காற்று வருமா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"வண்டிக்கு எவ்வளவு ஆச்சு?"

"சொல்ல மாட்டேன்பா" என்றாள் மகள். "அம்மாகிட்ட குடுங்க."