தைப்பவருக்கு நான் வைத்த பெயர்

கழுத்துக் கயிற்றைச் சுற்றி, அந்த அடையாள அட்டையை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார் அக்கா. மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் நான் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அக்கா மூன்றாவது லைனில் டெய்லர். கழுத்துப்பட்டி வைத்துத் தைப்பதில் அவர் கைக்கு ஈடில்லை. வெளிநாட்டிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள், எல்லோருக்கும் ஆங்கிலத்தில் அட்டை வேண்டும் என்றார் மேனேஜர். தமிழ்வழியில் படித்த எனக்குப் பள்ளியில் மனப்பாடம் செய்த ஒரு விதி தைரியம் தந்தது. வினைச்சொல்லின் கடைசியில் ‘இ, ஆர்’ சேர்த்தால் அந்த வேலையைச் செய்கிறவர். செக் பண்ணுகிறவர் செக்கர், பேக் பண்ணுகிறவர் பேக்கர். தைப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஸோ’; எழுதுவது ‘எஸ், இ, டபிள்யூ’. அதனோடும் அந்த இரண்டெழுத்தைச் சேர்த்து, தைக்கிற அத்தனை பேருக்கும் ‘ஸோவர்’ என்று அடித்துக் கொடுத்தேன். அகராதியிலும் அந்தச் சொல் இருந்தது. அதே எழுத்துகளில் சாக்கடைக்கும் ‘ஸூவர்’ என்று ஒரு சொல் இருப்பதை நான் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் அகராதியை மறுபடி பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. அகராதியையும் எடுத்துக்கொண்டு வீரபாண்டியில் அவர் வீட்டுக்குப் போனேன். “வாங்க மேடம்” என்று நாற்காலியை எடுத்துப் போட்டார். ஏழாவது படிக்கும் மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அட்டையைப் படித்துப் பொருள் சொன்னவள் அவள்தான்.

“எங்கப்பனப் பத்திக் கம்பெனில யாரு சொன்னாங்கன்னு மட்டும் சொல்லுங்க மேடம்” என்றார் அக்கா. எனக்கு விளங்கவில்லை. “அவரு சாக்கடை அள்ளித்தானுங்க எங்கள வளத்துனாரு. அதுல எனக்கு வெக்கமில்லீங்க. ஆனா நான் பத்து வருசமா மிசின்ல உக்காந்து தெச்சிருக்கறன். அது எங்கீங்க போச்சு?”

“யாரும் சொல்லலீங்க்கா. எனக்குத் தெரியவே தெரியாதுங்க. நான்தான் தப்பா எழுதிப்போட்டேன்” என்றேன். அகராதியைப் பிரித்துச் சிறுமியிடம் நீட்டினேன். அவள் இரண்டு சொற்களையும் எழுத்துக்கூட்டிப் படித்து, “ரெண்டுமே இருக்குதும்மா” என்றாள்.

அக்கா அகராதியை வாங்கி மூடி என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு, “இருக்கட்டுங்க. பாக்கறவங்க கண்ணுக்கு எது மொதல்ல தெரியும்?” என்றார். நேராகக் கம்பெனிக்குத் திரும்பினேன்.

மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். அக்காவின் அப்பாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. “அகராதியில இருக்கற சொல்லுதானே, எதுக்கு மாத்தோணும்?” என்றார் மேனேஜர். அதை உங்கள் கழுத்தில் மாட்டிக்கொள்வீர்களா என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். “சரி, மாத்திப் போடு” என்றார். அன்றே எல்லோருக்கும் ‘டெய்லர்’ என்று அடித்தேன்.

சொல்லி அனுப்பியதும் மாலையில் அக்கா வந்தார். புது அட்டையை வாங்கியவர் கழுத்தில் போடாமல் கைப்பைக்குள் வைத்தார். “புள்ள ஒருக்கா படிச்சுப் பாக்கட்டுங்க மேடம்.” சுருக்கென்றது. ஆனால், நம்புங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று எத்தனையோ பேருக்கு நான் அட்டை அடித்துக் கொடுத்துவிட்டேன். ஆனால் மறுநாள் காலையில் கம்பெனி கேட்டுப் பக்கத்தில் நின்று காத்திருந்ததுபோல் வேறெதற்கும் காத்திருந்ததில்லை. சங்கு ஊதுவதற்குச் சற்றுமுன் அக்கா வந்தார். அட்டை கழுத்தில் இருந்தது.