பனிமலையில் பின்னாலிருந்து கூப்பிட்ட குரல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், பிசாசு, ஆவி, சகுனம் எதிலும் நம்பிக்கை கிடையாது, அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. பூனை குறுக்கே போனால் பூனைக்கு ஏதோ வேலை இருக்கிறது என்று நினைக்கிற ஆள் நான். மென்பொருளில் தப்பு கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு, யார் எதைச் சொன்னாலும் அதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்றுதான் புத்தி போகும். அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் உதட்டைப் பிதுக்கினால் எனக்குக் கோபம் வராது. ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லச் சொன்னால் மட்டும் என்னால் முடியாது.

என் வீட்டுக்காரர் சேகர் எனக்கு நேரெதிர். வெளியே கிளம்புகிறவரை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, பின்னாலிருந்து கூப்பிடவே கூடாது. தப்பித் தவறி யாராவது கூப்பிட்டுவிட்டால் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். கலிபோர்னியாவில் இருக்கிற டப்ளினில் எங்கள் வீட்டு கராஜிலிருந்து காரை எடுத்த பிறகு நான் "லஞ்ச் பாக்ஸ்" என்று கத்தினால் போதும், மனிதர் காரை மறுபடி உள்ளே விட்டு, இன்ஜினை அணைத்து, சோபாவில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் ஆபீசுக்குப் போவார். அதற்குள் ஃப்ரீவே நிரம்பிவிடும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதைக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறேன், அவரும் மாறவில்லை, நானும் மாறவில்லை.

இன்னொன்று, நான் கார் ஓட்டினால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் ஓட்டுவார். ஸ்லோ பண்ணு, லெஃப்ட்ல வண்டி வருது, பிரேக் பிடி, இப்படி வீடு வரைக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நண்பர்கள் கூட்டத்தில் வருஷா வருஷம் குளிர்காலத்தில் டாஹோ ஏரிப் பக்கம், பனிச்சறுக்குக்கென்றே இருக்கிற ஒரு ஸ்கீ கிராமத்தில் பெரிய கேபின் ஒன்றை வாடகைக்கு எடுப்பது வழக்கம். தோசை மாவு, குக்கர், புளிக்காய்ச்சல், அப்பளம் வரைக்கும் காரில் ஏறிவிடும். பிள்ளைகள் பனிக்குப் போவார்கள், ஆண்களில் பாதிப் பேர் போவார்கள், மீதிப் பேர் சீட்டாடுவார்கள். பெண்கள் அத்தனை பேரும் அடுப்படியில் இருப்போம். இவ்வளவு தூரம் வந்து, பனியில் வழுக்காமல் டயருக்குச் செயின் கட்டி, மலையேறி, அங்கேயும் சாம்பார்தான் கொதிக்க வேண்டும் என்று யார் விதித்தார்களோ தெரியாது. பல வருஷம் நானும் கரண்டியோடு நின்று ஜன்னல் வழியாக அந்த மலையைப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஊரைப் பற்றிச் சொன்னால்தான் எனக்கு ஏன் அப்படிப் பித்துப் பிடித்தது என்று புரியும். ஊர் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரே ஒரு நடைத்தெரு, இரண்டு பக்கமும் கடைகள், நடுவில் ஆங்காங்கே நெருப்பு மூட்டிச் சுற்றிலும் நாற்காலி போட்டிருப்பார்கள். விறகுப் புகையும் பைன் மர வாசனையும் கலந்து வரும். கல் பாவிய தெருவில் கனத்த பூட்ஸோடு எல்லோரும் டக் டக்கென்று நடப்பார்கள், கோடீஸ்வரனும் அப்படித்தான் நடக்க வேண்டும், குழந்தையும் அப்படித்தான். தெருமுனையிலிருந்தே கம்பியில் தொங்குகிற நாற்காலி லிஃப்ட் கிளம்பி மலைக்குப் போகும். ஒருநாள் பால் வாங்கப் போனபோது எழுபது வயது தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, முகமெல்லாம் சிவந்து, மூக்கு ஒழுக, மலையிலிருந்து நேராக இறங்கி வந்து என் பக்கத்தில் நின்று, இன்று பனி அருமையாக இருக்கிறது, நீ இன்னும் போகவில்லையா என்று கேட்டாள். நான் கையில் பால் கேனை வைத்துக்கொண்டு விழித்தேன். அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாளே பழகுநர் வகுப்பில் சேர்ந்தேன். எனக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. கூடப் படித்தவர்கள் எல்லாம் என் இடுப்பு உயரம். ஸ்கீயின் முனைகளை பீட்சாத் துண்டு மாதிரிச் சேர்த்தால் நிற்கும், அதுதான் முதல் பாடம், அந்தப் பொடிசுகள் எனக்கு முன்னால் அதைக் கற்றுக்கொண்டு போய்விட்டன. விழுந்தேன், எழுந்தேன், அடுத்த வருஷமும் போய் விழுந்தேன். அந்த வருஷம் முழங்கால் பிசகி, மீட்புக் குழுவினர் என்னைப் பனியில் இழுக்கிற ஸ்லெட் வண்டியில் படுக்க வைத்து, போர்த்தி, கட்டி, அத்தனை பேர் பார்க்க இழுத்துக்கொண்டு வந்தார்கள். சேகர் கேபின் வாசலில் நின்று பார்த்தார். அப்போது ஒன்றும் சொல்லவில்லை, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சொன்னார்.

கால் சரியாகி, நான் சொல்கிற அந்த வருஷம் மறுபடி போனோம். அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் நான் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சேகர் சீட்டுக் கட்டைக் குலுக்கிக்கொண்டிருந்தார், எதிரில் அவருடைய நண்பர் பாலா.

"இன்னிக்கு மேல் லிஃப்ட்ல போறேன். உச்சியில இருந்து தனியா எறங்கி வரப்போறேன்" என்றேன்.

"ஐம்பது வயசுல உனக்கு எதுக்கு கீதா இது? யார்கிட்ட என்ன ப்ரூவ் பண்ணணும்?"

"யார்கிட்டயும் இல்லைங்க. எனக்குப் பிடிச்சிருக்கு, அவ்ளோதான்."

"சரி, ஒரு டீல். இந்த தடவையும் உன்னை யாராவது தூக்கிட்டு வந்தாங்கன்னா, இந்த ஸ்கீ சமாச்சாரம் அதோட க்ளோஸ். நீ கேக்கவே கூடாது."

"க்ளோஸ்" என்றேன். பாலா, "நான் சாட்சி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொந்தக் காலில் இறங்கி வந்தால் மலை எனக்கு, இல்லையென்றால் மறுபடி அடுப்படி. அவ்வளவுதான் கணக்கு.

லிஃப்டில் ஏறும்போது வெயில். பாதியிலேயே மேகம் இறங்கிவிட்டது. உச்சியில் இறங்கிக் கொஞ்ச தூரம் சறுக்கினேன், அதற்குள் முன்னால் போனவர்கள் யாரும் தெரியவில்லை. நீங்கள் அப்படி ஒரு வெள்ளையைப் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ, வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை, எது மேடு எது பள்ளம் என்று கண்ணுக்கே தெரியாது, நிற்கிறேனா நகர்கிறேனா என்பதுகூடக் குழம்பிவிடும். போனை எடுத்து உதவிக்குக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் ஸ்லெட் வரும். ஸ்லெட் வந்தால் சேகர் ஜெயித்துவிடுவார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, அதைவிட வீம்பு அதிகமாக இருந்தது. எதிரே சரிவாகப் பட்ட பக்கம் ஸ்கீயைத் திருப்பிக் குச்சியை ஊன்றினேன்.

"கீதா."

பின்னாலிருந்து, ஒரு கார் நீளத் தூரம்கூட இருக்காது. சேகர் குரல். நம்பினால் நம்புங்கள், எனக்கு அந்த நிமிஷம் பயமே வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சீட்டாட்டத்தை விட்டுவிட்டு இங்கேயும் வந்துவிட்டாரா, என்னை வேவு பார்க்க ஏதோ ஒரு லிஃப்டில் ஏறி வந்துவிட்டாரா என்றுதான் நினைத்தேன். ஸ்கீயில் காலே வைக்காத மனிதர் அந்த இடத்துக்கு எப்படி வர முடியும் என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. திரும்பிப் பார்த்தால் அவருக்கு இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று திரும்பவும் இல்லை.

"பின்னால இருந்து கூப்பிடக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவீங்க, நீங்களே கூப்பிடறீங்க?" என்றேன்.

"கூப்பிட்டாச்சு. உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போ."

உங்கள் சட்டப்படியே நடக்கிறேன், போதுமா என்று அவரைக் கிண்டல் பண்ணுவதற்காகவே பனியில் பொத்தென்று உட்கார்ந்தேன். பையிலிருந்து ஸ்டீல் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தேன். கையுறை தடித்து இருந்ததால் மூடி போடும்போது பாட்டில் நழுவிவிட்டது. எனக்கு முன்னால் கொஞ்ச தூரம் உருண்டது, அப்புறம் சத்தமே இல்லை. நான் காத்திருந்தேன். எங்கேயோ கீழே, வெகு கீழே, டங்கென்று பாறையில் மோதிய சத்தம் வந்தது. அப்புறம் இன்னும் கீழே இன்னொரு சத்தம்.

நான் இறங்கவிருந்த பக்கம் அதுதான்.

"எந்திரி. லெஃப்ட்ல போ" என்றது பின்னால்.

எழுந்தேன். இடது பக்கம் திருப்பினேன். எனக்குப் பின்னால் பனியைச் சீவிக்கொண்டு ஸ்கீ வருகிற சத்தம் தெளிவாகக் கேட்டது, நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் வளையும்போது வருமே, அந்த ஒரே சீரான சத்தம். கூடவே வாயும். "ஸ்லோ பண்ணு. ரைட்ல மரம். முட்டியை மடக்கு, ஏன் வெறைப்பா நிக்கற?" எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "எனக்குத் தெரியும், நீங்க வாயை மூடிட்டு வாங்க" என்று கத்தினேன். "தெரிஞ்சா சரி" என்றது. இப்படியே மலை முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டு இறங்கினேன். வழியில் எங்கேயும் விழவில்லை.

மேகம் முடிகிற இடத்தில் கீழே கிராமத்துக் கூரைகள் தெரிந்தன, நெருப்பு தெரிந்தது. நான் நின்றேன். பின்னால் வந்த சத்தமும் நின்றது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. சரிவில் ஒரே ஒரு ஜோடி ஸ்கீத் தடம்தான் இருந்தது, கோணல் மாணலாக, என்னுடையது.

கேபினுக்கு நடந்தே போனேன். சேகர் அதே நாற்காலியில், அதே லுங்கியில், கையில் சீட்டோடு. "என்ன, முழுசா வந்துட்ட" என்றார்.

"நீங்க மேல வந்தீங்களா?"

"எதுல ஏறி வர்றது? பாத்ரூமுக்குக்கூட எந்திரிக்கல, பாலாவைக் கேளு."

பாலா ஆமாம் என்றார், அவர் தோற்றுக்கொண்டிருந்த கடுப்பில் இருந்தார். நான் போய் டீ போட்டுக் குடித்தேன். மறுநாள் நல்ல வெயிலில் போய்ப் பார்த்தேன். நான் உட்கார்ந்த இடத்துக்கு முன்னால் எல்லைக் கயிறு பனியில் புதைந்து, கம்புகளின் நுனி மட்டும் தெரிந்தது. அதற்கு அப்பால் மலை இல்லை.

இதை இன்று வரை சேகரிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். சொன்னால், பார்த்தாயா, தண்ணீர் குடித்ததால் பிழைத்தாய் என்று தலைமேல் ஏறிக்கொள்வார், அடுத்த மூச்சில் ஸ்கீக்குத் தடை போடுவார். உயிரைக் காப்பாற்றியது எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், மலையை விட்டுக்கொடுக்க நான் தயாராயில்லை. அதற்கப்புறமும் ஒவ்வொரு குளிர்காலமும் போகிறேன், அதே உச்சியிலிருந்து இறங்குகிறேன். இப்போது எங்கள் கூட்டத்துப் பெண்களில் இன்னும் சிலர் என்னோடு வருகிறார்கள், சாம்பாரைச் சீட்டாடுகிறவர்களே கொதிக்க வைத்துக்கொள்கிறார்கள். குளிரில், பயத்தில், மூளை தனக்குப் பழகிய குரலை உண்டாக்கிக்கொள்ளும் என்று ஒரு டாக்டர் தோழி சொன்னாள். இருக்கலாம். அதையே நானும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் அவளிடம் ஒன்றை மறைத்தேன், உங்களிடமும் இதுவரை சொல்லவில்லை. அந்தக் குரல் சேகருடையதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அன்றைக்கு இருந்த சேகருடைய குரல் இல்லை. கொஞ்சம் கரகரத்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் பிறகு காற்று வெளியே போகிற மாதிரி, வயதான சேகர் எப்படிப் பேசுவாரோ அப்படி. மூளை பழகிய குரலை உண்டாக்கும், சரி, நான் கேட்டே இராத குரலை எங்கிருந்து எடுத்தது?

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் அவருக்குச் சளி பிடித்தது. சளி போய்விட்டது, குரல் திரும்பவில்லை. தொண்டையைப் பார்த்த டாக்டர், பயப்பட ஒன்றுமில்லை, வயதானால் சிலருக்கு இப்படி ஆகும் என்றார். சேகர் காலையில் காபி கேட்டபோது நான் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அதே குரல்.

அப்போதும் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அன்றைக்குப் பின்னால் வந்தவருக்கு நன்றாக ஸ்கீ ஓட்டத் தெரியும், இவர் சீட்டுக் கட்டை விட்டு எழுந்திருக்காதவர், ஆகவே அது இவர் இல்லை என்று ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை கேபின் புக் பண்ணிக்கொண்டிருக்கும்போது, அவர் பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தார். "இந்த வருஷம் எனக்கும் சேத்து க்ளாஸ் போட்டுடு. நானும் கத்துக்கறேன்" என்றார்.

இத்தனை வருஷம் நீங்களும் வாங்க என்று நான் கேட்டுக் கேட்டு அலுத்த ஒரு விஷயம். ஆனால் அவரும் கற்றுக்கொண்டால் நான் கண்டுபிடித்து வைத்திருந்த அந்த ஓட்டையும் அடைபட்டுவிடும், வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்துவிட்டேன், பயந்து பின்வாங்குகிற ஆள் நான் இல்லை. வரட்டும், கற்றுக்கொள்ளட்டும், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்று, அந்த மலையில் எப்போதும் அவர்தான் முன்னால் போக வேண்டும். அன்றைக்குத் திரும்பிப் பார்த்தபோது யாருமில்லாமல் போன அந்த இடத்தில், எனக்குப் பின்னால், அவரை வரவிட மாட்டேன்.